மஞ்சள் பூவைத் திருப்பிப் பாருங்கள்: சூரியகாந்திக் குடும்பத்து நாட்டுச் செடிகளை அடையாளம் காண ஒரு தொடக்க வழிகாட்டி

ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்து பத்து நாள் வெயில் காய்ந்தால் போதும். வரப்பு, ஏரிக்கரை, ரயில் பாதை ஓரம், காலி மனை என்று எங்கு பார்த்தாலும் மஞ்சள். செடிகளைப் பழகத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் இந்தப் பருவத்தில்தான் தொடங்குகிறார்கள், இந்த மஞ்சளில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். எல்லாம் சூரியகாந்தியின் குட்டி மாதிரியே இருக்கும். போனில் ஒரு படம் எடுத்து, "இது என்ன பூ?" என்று அனுப்புவார்கள். படம் எப்போதும் பூவின் நேர் முகமாக இருக்கும். நான் திருப்பி எழுதுவதும் எப்போதும் ஒன்றுதான்: பூவைக் கவிழ்த்து முதுகுப் பக்கம் ஒரு படம் எடுங்கள்.

இந்தக் குடும்பத்தில் முகம் ஏமாற்றும். செடியைக் காட்டிக்கொடுப்பது பூவின் முதுகு, காம்பு, இலை சேரும் இடம், விதை. இந்த நான்கையும் பார்க்கும் பழக்கம் வந்துவிட்டால் ஒரே பருவத்தில் பத்துச் செடிகளைத் தைரியமாகப் பெயர் சொல்லிக் கூப்பிடலாம். இங்கே தமிழ்நாட்டுச் சமவெளியையும் கடற்கரையையும் மனதில் வைத்து எழுதுகிறேன். மலைப் பகுதிக்குத் தனிப் படிப்பு வேண்டும். அதைக் கடைசியில் தொட்டு மட்டும் செல்கிறேன்.

எடுத்துப் போக வேண்டியவை அதிகமில்லை. கைக்கடிகாரம் பழுதுபார்ப்பவர் கண்ணில் செருகிக்கொள்வது போன்ற 10 மடங்கு பெரிதாக்கும் சிறு லென்ஸ், ஒரு பிளேடு, ஒரு குண்டூசி, நான்காக மடித்த வெள்ளைத் தாள், 15 சென்டிமீட்டர் அளவுகோல், பழைய செய்தித்தாள், பென்சில். போன் எப்படியும் கையில் இருக்கும்.

முதல் படி: அது ஒரு பூவா, பூக்கூட்டமா?

மஞ்சளாக இருப்பதெல்லாம் இந்தக் குடும்பம் ஆகாது. நெருஞ்சிப் பூவை எடுத்துப் பாருங்கள். ஐந்து இதழ், நடுவில் மகரந்தக் கம்பிகள், அவ்வளவுதான். அது ஒற்றைப் பூ. சங்கப் பாட்டில் ஞாயிற்றை நோக்கி நிற்கும் பூவாக வருவது இந்த நெருஞ்சிதான். நாம் சூரியகாந்தி என்று சொல்லும் செடி வட அமெரிக்காவிலிருந்து பிற்காலத்தில் வந்தது. ஆவாரையும் ஐந்து இதழ் கொண்ட ஒற்றைப் பூ, அவரைக் குடும்பத்தைச் சேர்ந்தது. துத்திக்கும் அதே ஐந்து இதழ்தான். இவற்றை முதலில் ஒதுக்கிவிடுங்கள்.

சூரியகாந்திக் குடும்பத்தில் நாம் பூ என்று சொல்வது ஒரு தட்டில் நெருக்கி வைத்த பல பூக்கள். பள்ளிப் பாடத்தில் இதைத் தலைமஞ்சரி என்று படித்திருப்பீர்கள். வரப்பில் பூத்திருக்கும் மஞ்சள் கரிசலாங்கண்ணித் தலை ஒன்றைக் கிள்ளி எடுத்து வெள்ளைத் தாளில் வைத்து பிளேடால் நேர் பாதியாக வெட்டுங்கள். இதை ஒருமுறை உங்கள் கையாலேயே செய்ய வேண்டும். படம் பார்த்துப் புரிகிற காரியம் இல்லை.

வெட்டிய பாதியில் கீழே பச்சைச் செதில்கள், அவற்றின் மேல் லேசாக மேடிட்ட ஒரு தட்டு, தட்டின்மேல் வரிசையாகக் குழல் குழலாகச் சிறு பூக்கள். ஓரத்தில் இருப்பதை மட்டும் குண்டூசியால் நெம்பி எடுங்கள். இதழ் என்று நினைத்த அந்த மஞ்சள் நாக்கின் அடியில் ஒரு சிறு குழல், குழலுக்குள்ளிருந்து இரண்டாகப் பிரிந்த சூல்முடி, குழலுக்கும் கீழே வெளிறிய ஒரு சிறு உருண்டை. அந்த உருண்டைதான் நாளைய விதை. ஆக, ஒவ்வொரு "இதழும்" ஒரு முழுப் பூ. இது கதிர்ச் சிறுமலர். நடுவில் நெருங்கி நிற்கும் குழல்கள் தட்டுச் சிறுமலர்கள்.

தட்டுச் சிறுமலர் ஒன்றை லென்ஸில் பாருங்கள். வாயில் ஐந்து பற்கள் இருக்கும். உள்ளே மகரந்தப் பைகள் ஐந்தும் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டு ஒரு குழாயாக நிற்கும். மகரந்தம் அந்தக் குழாய்க்குள் கொட்டும். கீழிருந்து சூல்தண்டு வளர்ந்து, முறுக்கு அச்சில் மாவைத் தள்ளுவது போல மகரந்தத்தை மேலே தள்ளிக்கொண்டு வரும். வெளியே வந்த பிறகுதான் தன் இரண்டு கைகளையும் விரித்துச் சுருட்டிக்கொள்ளும். பூப்பது ஓரத்திலிருந்து நடுவை நோக்கிப் போகும் என்பதால் மொட்டு, தள்ளும் நிலை, விரிந்த நிலை மூன்றையும் ஒரே தலையில் பார்த்துவிடலாம். நான் இதை முதன்முதலில் பார்த்த அன்று மதியச் சாப்பாடு மறந்துபோனது.

இரண்டாம் படி: காம்பை ஒடித்துப் பாருங்கள்

பால் வருகிறதா? இந்த ஒரு கேள்வி குடும்பத்தை இரண்டாக வெட்டிவிடும்.

பால் வந்து, தலையில் இருப்பதெல்லாம் பட்டையான நாக்குகளாகவே இருந்து, நடுவில் குழல் பூக்களே இல்லை என்றால் அது முள்ளங்கிக் கீரை போலத் தரையோடு இலை விரிக்கும் லாவுனியா, சோங்கஸ் என்ற செடிகளின் கூட்டம். நாக்கின் நுனியை லென்ஸில் எண்ணுங்கள். ஐந்து பற்கள் இருக்கும். பால் வராத செடிகளின் கதிர்ச் சிறுமலரில் இரண்டு அல்லது மூன்று பற்கள்தான். இந்த எண்ணிக்கை பெரும்பாலும் பொய் சொல்லாது.

பால் வராதவற்றில் இரண்டு வகை. ஓரத்தில் கதிரும் நடுவில் தட்டும் கொண்டவை ஒன்று, இவை சூரியகாந்தி முகம். கதிரே இல்லாமல் பித்தான் போல உருண்டு இருப்பவை மற்றொன்று. புதியவர்கள் பித்தான் வகையைப் பூ என்றே கணக்கில் எடுப்பதில்லை, "இன்னும் விரியவில்லை" என்று விட்டுவிடுகிறார்கள். விரிந்த நிலையே அதுதான்.

மூன்றாம் படி: கவிழ்த்துப் பாருங்கள்

தலையின் அடியில் இருக்கும் பச்சைச் செதில்கள் எத்தனை வரிசை, என்ன வடிவம், ஒட்டுகிறதா, ஓரம் சவ்வு போல இருக்கிறதா என்று பாருங்கள். முகத்தைப் பார்த்து ஒன்றே என்று நினைத்த இரண்டு செடிகள் இங்கே பிரிந்துவிடும்.

மஞ்சள் கரிசலாங்கண்ணியில் வெளிச் செதில்கள் ஐந்தாறு மட்டும், இலையைப் போலவே பச்சையாக அகன்று இருக்கும். விகோவா இண்டிகா என்ற செடியில் ஊசி ஊசியாக மெல்லிய செதில்கள் பல வரிசை அடுக்கியிருக்கும். சீஜெஸ்பெக்கியா ஓரியென்டாலிஸ் என்ற செடியில் ஐந்து நீண்ட செதில்கள் நட்சத்திரம் போல விரிந்து, அவற்றின்மேல் குண்டூசித் தலை போன்ற சுரப்பிகள் நிறைந்திருக்கும். தொட்டால் விரல் ஒட்டும். லாவுனியாவில் செதில்கள் ஓடு வேய்ந்தது போல ஒன்றன்மேல் ஒன்று படிந்து, ஓரம் வெளிறிய சவ்வாக இருக்கும்.

கதிர்களை எண்ணி அடையாளம் சொல்ல முயலாதீர்கள். ஒரே செடியில் ஒரு தலையில் எட்டும் பக்கத்துத் தலையில் பத்தும் இருக்கும். எண்ணித்தான் ஆக வேண்டுமென்றால் ஐந்து தலைகளை எண்ணி, எதிலிருந்து எதுவரை என்று எழுதிக்கொள்ளுங்கள்.

நான்காம் படி: இலை எங்கே சேர்கிறது

இலைகள் தண்டில் எதிரெதிராக இரண்டிரண்டாக வருகின்றனவா, ஒன்றுவிட்டு ஒன்றாக மாறி மாறி வருகின்றனவா? பூக்கும் நுனிப் பகுதியில் பார்க்காமல் தண்டின் நடுப்பகுதியில் பாருங்கள். நுனியில் எதிரிலை கொண்ட செடியும் சில நேரம் குழப்பும்.

இங்கே எனக்கு மிகவும் உதவிய ஒரு கணக்கைச் சொல்கிறேன். இந்தக் குடும்பத்தில் எதிரெதிர் இலையும் மஞ்சள் கதிரும் கொண்ட கூட்டம் பெரும்பாலும் அமெரிக்கக் கண்டங்களில் பெருகியது. சூரியகாந்தி அந்தக் கூட்டத்தைச் சேர்ந்ததுதான். ஆகவே நம் தெருவோரத்தில் எதிரிலை மஞ்சள் பூ கண்டால் அது நாட்டுச் செடிதானா என்று ஒருமுறைக்கு இருமுறை கேளுங்கள். மாற்றிலைச் செடிகளில் நாட்டுச் செடியாக இருக்கும் வாய்ப்பு கூடுதல். விதிவிலக்கு இரண்டு பக்கமும் உண்டு. மஞ்சள் கரிசலாங்கண்ணி எதிரிலைச் செடி, நம்முடையது. மெக்சிகோவிலிருந்து வந்து மலைச்சரிவெங்கும் நிற்கும் காட்டுச் சூரியகாந்திக்கு மாற்றிலை. சந்தேகப்பட வேண்டிய இடத்தைக் காட்டுவதோடு இந்தக் கணக்கின் வேலை முடிந்துவிடும், தீர்ப்பை அது சொல்லாது.

ஐந்தாம் படி: விதைக்குக் காத்திருங்கள்

பூவை மட்டும் பார்த்துவிட்டு வந்தால் பாதி வேலைதான் ஆகியிருக்கும். வாடிய தலை ஒன்றை உள்ளங்கையில் கசக்குங்கள். விதையின் தலையில் என்ன இருக்கிறது? வெட்டுக்காயப்பூண்டு விதையில் இறகு போல இருபுறமும் மயிர் கொண்ட குஞ்சம். சினெட்ரெல்லா என்ற சுவரோரச் செடியின் விதையில் இரண்டு விறைத்த முட்கள். லாவுனியா, சோங்கஸ் விதையில் பட்டு நூல் போன்ற வெள்ளைக் குஞ்சம், ஊதினால் பறக்கும். மஞ்சள் கரிசலாங்கண்ணியில் குஞ்சமே இருக்காது, சிறு கிண்ணம் போன்ற விளிம்பு மட்டும்.

ஒரே தலையில் ஓர விதையும் நடு விதையும் வேறு வேறாக இருக்கலாம், இரண்டையும் பாருங்கள். விகோவாவில் நடு விதைக்குச் சில மயிர்கள் உண்டு, ஓரக் கதிரின் விதைக்கு எதுவும் கிடையாது. சினெட்ரெல்லாவில் ஓர விதை தட்டையாக, கிழிந்த சிறகு வைத்தது போல இருக்கும். நடு விதை ஒல்லியாக இருக்கும்.

விதை கொட்டிய பிறகு தட்டையும் ஒரு பார்வை பாருங்கள். ஒவ்வொரு சிறுமலருக்கும் பக்கத்தில் உமி போன்ற ஒரு செதில் நின்றால் அது கரிசலாங்கண்ணி, சூரியகாந்திப் பக்கம். தட்டு மொட்டையாக இருந்தால் விகோவா, காட்டுமுள்ளங்கி, மாசிபத்திரிப் பக்கம்.

இனிச் செடிகள்

முதலில் பழக வேண்டியது மஞ்சள் கரிசலாங்கண்ணி. அறிவியல் பெயர் ஸ்பாக்னெட்டிகோலா காலெண்டுலேசியா. பழைய புத்தகங்களில் வெடேலியா சைனென்சிஸ் என்று இருக்கும். வாய்க்கால் ஓரம், நெல் வயல் வரப்பு, ஈரம் காயாத இடம் பிடிக்கும். தண்டு தரையோடு ஓடி, கணுவில் வேர் விட்டு, நுனி மட்டும் நிமிரும். இலை ஒடுங்கி நீண்டது, இரண்டிலிருந்து ஏழு சென்டிமீட்டர் நீளம், ஓரத்தில் பல் இல்லை அல்லது ஒன்றிரண்டு மட்டும். நீண்ட தனிக்காம்பில் ஒரே ஒரு தலை, இரண்டு சென்டிமீட்டரை ஒட்டி அகலம். வள்ளலார் கரிசலாங்கண்ணியைத் தினமும் உண்ணச் சொன்னதால் இந்தப் பெயருக்குத் தமிழ்நாட்டில் தனி மதிப்பு உண்டு. அதே பெயரில் வெள்ளைப் பூ பூக்கும் கையாந்தகரை வேறொரு செடி, எக்லிப்டா. அதன் தண்டைக் கசக்கினால் சாறு சிறிது நேரத்தில் கறுக்கும்.

இதோடு குழப்பிக்கொள்ளும் வெளிநாட்டுச் செடி ஒன்று இருக்கிறது, அதைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஸ்பாக்னெட்டிகோலா ட்ரைலோபேட்டா. வெப்பமண்டல அமெரிக்கச் செடி. சாலை நடுத்திட்டிலும் பூங்காவிலும் தரை மூடும் செடியாக நடுகிறார்கள். உலகின் மிக மோசமான 100 ஆக்கிரமிப்பு உயிரினங்கள் என்று பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் தொகுத்த பட்டியலில் இதுவும் உண்டு. ஒரு நாற்றங்காலில் மஞ்சள் கரிசலாங்கண்ணி என்று கேட்டு வாங்கி வந்த தொட்டி இரண்டு ஆண்டு என் வீட்டில் இருந்தது. கீரையாகவும் சில முறை சமைத்தோம். மதுராந்தகம் பக்கத்திலிருந்து கீரை கொண்டுவரும் ஆயா ஒருநாள் வாசலில் கூடையை இறக்கிவிட்டுத் தொட்டியைப் பார்த்தார்.

"இது இன்னா செடி கண்ணு?"

"மஞ்சக் கரிசலாங்கண்ணி ஆயா."

அவர் ஓர் இலையைக் கிள்ளி, தன் கூடையிலிருந்த இலையையும் எடுத்து இரண்டையும் என் கையில் வைத்தார். "ரெண்டையும் தடவிப் பாரு. நம்மளுது சொரசொரன்னு கீதா? இது எண்ண தடவுனாப்புல வழவழன்னு கீது பாரு. எலையில மூணு மொன வேற. இத யாரு திம்பாங்க?"

அவர் சொன்ன இரண்டும் செடிநூல் சொல்லும் வேறுபாடுகளேதான். அயல் செடியின் இலை அகன்று, பளபளத்து, இருபக்கமும் ஒரு மடல் தள்ளி மூன்று முனையாக இருக்கும். நாட்டுச் செடியின் இலை ஒடுங்கி, இருபுறமும் படிந்த மயிரால் சொரசொரக்கும். பூவை மட்டும் வைத்துக்கொண்டு என்னால் அன்றும் சொல்ல முடிந்திருக்காது, இன்றும் தயங்குவேன். நிழலில் வளரும் அயல் செடியில் சில இலைகளுக்கு மடல் மங்கலாக இருக்கும். அதனால் ஒரே இலையைப் பார்த்து முடிவு செய்யாமல் ஒரு கொடி முழுவதும் பாருங்கள். பிடுங்கியதை வாய்க்கால் பக்கம் எறியவும் வேண்டாம். ஒரு கணு போதும், வேர் பிடித்துவிடும். நான் வெயிலில் தார்ப்பாயின்மேல் நன்றாகக் காயவைத்துத்தான் குப்பையில் போட்டேன்.

அடுத்தது விகோவா இண்டிகா. பென்டனீமா இண்டிகம் என்றும் எழுதுவார்கள். மானாவாரி நிலம், கரம்பு, குன்றடிவாரம், புதர்க்காட்டு ஓரம் இதன் இடம். நாட்டுச் செடிகளில் எனக்கு மிகப் பிடித்தது இது. ஒல்லியாக நிமிர்ந்து கிளைக்கும். ஒவ்வொரு கிளை நுனியிலும் நூல் போன்ற காம்பில் ஒன்றிலிருந்து ஒன்றரை சென்டிமீட்டர் அகலத் தலை. ஒடுங்கிய கதிர்கள் நெருக்கமாக, இருபதுக்கு மேல். மாற்றிலை, காம்பில்லாமல் தண்டை அடியில் இரண்டு காது மடல்களால் தழுவிக்கொண்டிருக்கும். அந்தக் காதைப் பார்த்து, தலையைக் கவிழ்த்து ஊசிச் செதில்களையும் பார்த்துவிட்டால் அடையாளம் உறுதி. மழைக்குப் பின் தொடங்கித் தை, மாசி வரை பூக்கும்.

பித்தான் வகையில் மாசிபத்திரி. க்ராஞ்சியா மடராஸ்படானா. அந்த இரண்டாம் சொல்லுக்கு மதராசப்பட்டினத்தைச் சேர்ந்தது என்று பொருள். 1753-இல் லின்னேயஸ் இதற்குப் பெயர் வைத்தபோதே நம் ஊர் அதில் ஏறிவிட்டது. ஏரியிலும் கண்மாயிலும் தண்ணீர் வற்றி வண்டல் வெடிக்கத் தொடங்கும் நேரத்தில், அந்த வெடிப்பு நிலத்திலேயே வட்டமாகப் படர்ந்து கிடக்கும். அறுவடை முடிந்த நெல் வயலிலும் வரும். மாற்றிலை, முள்ளங்கி இலை போல ஆழமாக வெட்டுப்பட்டிருக்கும். தலை கதிரே இல்லாத மஞ்சள் உருண்டை, ஒரு சென்டிமீட்டருக்குள். ஒரு எச்சரிக்கை: மலையில் வளரும், வாசனை வீசும் ஆர்ட்டெமிசியாவையும் மாசிபத்திரி என்றே சொல்கிறார்கள். இந்தக் குடும்பத்தில் ஒரு தமிழ்ப் பெயர் இரண்டு மூன்று செடிகளுக்கு ஓடுவது சாதாரணம். ஆகவே ஊர்ப்பெயரை எழுதும்போது எந்த ஊரில் கேட்டது என்பதையும் எழுதி, பக்கத்தில் அறிவியல் பெயரையும் எழுதிவிடுங்கள்.

அறுவடை வயலிலேயே காட்டுமுள்ளங்கியும் நிற்கும், அதாவது ப்ளூமியா லாசெரா. உடல் முழுவதும் மென்மயிர், கசக்கினால் கற்பூர நெடி, மங்கிய மஞ்சள் தலைகள் கொத்துக் கொத்தாக. கதிர் கிடையாது. ப்ளூமியாவில் இனங்கள் பல. தொடக்கத்தில் "ப்ளூமியா" என்ற அளவில் நிறுத்திக்கொள்வது நல்லது.

ஈர வரப்பில் கூம்பு போன்ற மஞ்சள் தலையோடு எதிரிலைச் செடி ஒன்று கண்டால் அக்மெல்லாவாக இருக்கலாம். பல்வலிக்கு இதன் பூவை மெல்வது பழைய வழக்கம். நாக்கில் விறுவிறுத்து மரத்துப்போகும். ஸ்பிலாந்தால் என்ற பொருள் அதைச் செய்கிறது. இதில் நாட்டு இனமும் உண்டு, தோட்டத்துக்கு வந்த அமெரிக்க இனமும் உண்டு. வாயில் போட்டுச் சோதிப்பதை அடையாள முறையாக வைத்துக்கொள்ள வேண்டாம்.

கடற்கரைக்குப் போனால் இரண்டு செடிகளைத் தேடுங்கள். அடப்பங்கொடியும் இராவணன் மீசைப் புல்லும் படரும் மணல்மேட்டில், தரையோடு ஒட்டிய இலைக்கொத்து ஒன்று, அதிலிருந்து வில்லாக வளைந்து ஓடும் கொடி, கொடி மணலைத் தொடும் இடத்தில் அடுத்த இலைக்கொத்து. இப்படிக் கண்ணி கண்ணியாகப் போனால் அது லாவுனியா சார்மென்டோசா. ஒடித்தால் பால் வரும், தலை முழுக்க ஐந்து பல் நாக்குகள். ஆப்பிரிக்கக் கரை தொடங்கி இந்தியப் பெருங்கடலைச் சுற்றிலும் இது வளர்கிறது. மாலத்தீவில் இதன் இலையை மீனோடு சேர்த்து விரும்பி உண்கிறார்கள். இரண்டாவது வொல்லாஸ்டோனியா பைஃப்ளோரா. கடலோரப் புதர் ஓரத்தில் சாய்ந்து ஏறும். எதிரிலை, அடியிலிருந்து மூன்று நரம்புகள் தெளிவாகப் பிரியும், நுனியில் இரண்டு மூன்று தலைகள். பார்த்தவுடன் பெரிய மஞ்சள் கரிசலாங்கண்ணி என்று தோன்றும். அகன்று காம்புள்ள இலையும் நிமிர்ந்த புதர் வளர்ச்சியும் வேறுபடுத்தும். எதிரிலை விதிக்கு இது இன்னொரு விலக்கு, நம் கரைக்கே உரியது.

நாட்டுச் செடி என்று ஏமாறக்கூடியவை

வெட்டுக்காயப்பூண்டு, கிணற்றடிப்பூண்டு என்று எத்தனை தமிழ்ப் பெயர்கள்! இருந்தும் இந்த ட்ரைடாக்ஸ் ப்ரோகம்பென்ஸ் மெக்சிகோ, மத்திய அமெரிக்கப் பக்கத்துச் செடிதான். தமிழ்ப் பெயரும் வைத்தியப் பயனும் இருப்பது நாட்டுச் செடி என்பதற்குச் சான்றாகாது என்பதை இந்த ஒன்றே காட்டும். நடு மஞ்சள், ஓரத்தில் வெளிறிய வெண்மஞ்சளாக ஐந்து அகன்ற கதிர்கள், ஒவ்வொன்றிலும் மூன்று பல், மயிர் நிறைந்த நீண்ட காம்பு.

சினெட்ரெல்லா நோடிஃப்ளோரா நிழல் விழும் சுவரோரங்களில் வரும். இலைக்கக்கத்திலேயே காம்பில்லாமல் ஒட்டிய சிறு மஞ்சள் தலைகள். இதுவும் அமெரிக்க வரவு. ஆரஞ்சு மஞ்சளில் தோட்டம் தாண்டி நிற்கும் காஸ்மாஸ் மெக்சிகோச் செடி. ஏலகிரி, ஏற்காடு, கொடைக்கானல் ஏறும் வழியில் ஆளுயரத்துக்கு மேல் பூத்து நிற்கும் காட்டுச் சூரியகாந்தி, அதாவது டித்தோனியா டைவர்சிஃபோலியா, மெக்சிகோ வரவு. நீலகிரியில் புல்தரையில் இலையில்லாத ஒல்லிக் காம்பில் ஆடும் ஹைப்போகேரிஸ், ஐரோப்பிய வரவு. பூக்கடையிலும் இதே கதைதான். துலுக்கச் செவ்வந்தி மெக்சிகோவிலிருந்தும் செவ்வந்தி கிழக்காசியாவிலிருந்தும் வந்தவை.

மலைகளில் நாட்டு மஞ்சள்களும் உண்டு. ஒட்டும் செதில் கொண்ட சீஜெஸ்பெக்கியா, செனேசியோ இனங்கள், பால் வரும் செடிகளில் சில. செனேசியோவில் கல்லீரலைக் கெடுக்கும் நச்சுப் பொருள் உண்டு. இந்தக் குடும்பத்தில் கீரையும் நஞ்சும் பக்கத்துப் பக்கத்து வீடு. இலையையும் விதையையும் சேர்த்து உறுதி செய்யாத எதையும் சமைக்காதீர்கள். உறுதி செய்த கீரையையும் களைக்கொல்லி அடித்த வரப்பிலிருந்து எடுக்காதீர்கள்.

பதிவு செய்யும் முறை

ஒரு செடிக்கு ஆறு படங்கள்: முகம், முதுகு, தண்டின் நடுவில் இலை சேரும் இடம், இலையின் இருபுறமும் அளவுகோலோடு, வாடிய தலையும் விதையும், செடி நிற்கும் இடம் முழுமையாக. ஐநேச்சுரலிஸ்ட் போன்ற செயலிகளில் முகப்படம் மட்டும் போட்டால் வரும் விடை, அந்த முகம் கொண்ட செடிகளில் அதிகம் படமெடுக்கப்பட்டது எதுவோ அதுவாக இருக்கும். நம் வரப்பின் மஞ்சள் கரிசலாங்கண்ணிக்கு அயல் செடியின் பெயரைச் செயலி சொன்னதைப் பல முறை பார்த்திருக்கிறேன். ஆறு படமும் போட்டால் தெரிந்தவர்கள் வந்து திருத்துவார்கள்.

அந்த இடத்தில் இருபது செடிக்கு மேல் இருந்தால் மட்டும் ஒரு கிளையை எடுங்கள், வேரோடு பிடுங்க வேண்டாம். காப்புக்காட்டில் அனுமதியில்லாமல் எதையும் எடுக்கக் கூடாது. செய்தித்தாளில் ஒரு தலை முகம் மேலாகவும் இன்னொரு தலை முதுகு மேலாகவும் விரித்து, கனமான புத்தகங்களின் அடியில் வையுங்கள். முதல் நான்கு நாள் தினமும் தாளை மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் பூசணம் பிடிக்கும். விதைகளைத் தனிக் காகிதப் பொட்டலமாக மடித்து அதே தாளில் ஒட்டிவிடுங்கள். பால் வந்ததா, பூ என்ன மஞ்சள், கசக்கினால் என்ன மணம் என்பதையெல்லாம் அங்கேயே நின்று எழுதுங்கள். காய்ந்த செடியில் இவை எதுவும் மிஞ்சாது. கோயம்புத்தூரில் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தென்மண்டல மையத்திலும் திருச்சி தூய வளனார் கல்லூரியின் ராபினாட் உலர்தாவரகத்திலும் இப்படி அழுத்தி வைத்த செடிகள் ஏராளமாக இருக்கின்றன. பெரிய சந்தேகம் வந்தால் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய இடங்கள் அவை.

முதல் வாரத்துக்கு ஒரு வேலை தருகிறேன். உங்கள் தெருவிலிருந்து ஏரிக்கரை வரை நடந்து வெட்டுக்காயப்பூண்டு ஒன்று, பால் வரும் செடி ஒன்று, கரிசலாங்கண்ணி முகம் கொண்டது ஒன்று என மூன்று தலைகளை எடுத்து வந்து, மூன்றையும் பிளேடால் பாதியாக வெட்டி ஒரே தாளில் வரிசையாக வையுங்கள். வரையத் தெரியாவிட்டாலும் பென்சிலால் வரையுங்கள். மாசியில் ஏரி வற்றும்போது அதே கரைக்குத் திரும்பிப் போய், வெடித்த வண்டலில் மஞ்சள் உருண்டைகள் கிடக்கின்றனவா என்று குனிந்து தேடுங்கள்.